நாற்பத்திரண்டில் பதினேழு போனால்

செய்யாறு பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறையில் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நோட்டில் எழுதியிருந்தாள்: 42 – 17 = 35. நான் படித்த காலத்தில் இதற்கு ஒரு சிவப்புக் கோடு விழும், அதோடு சரி.

ஆசிரியை பேனாவைத் தொடவில்லை. பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“எப்படிம்மா இங்க 5 வந்துச்சு?”

“2ல 7 போகாதுல்ல டீச்சர். அதான் 7ல 2ஐக் கழிச்சேன்.”

அது கவனக்குறைவு இல்லை. பெரிய எண்ணிலிருந்து சிறியதைத்தான் கழிக்கலாம் என்று அவளாகவே ஒரு விதி வகுத்து, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள். ஆசிரியை ஈர்க்குச்சிகளை எடுத்து வைத்தார். பத்துப் பத்தாக நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. “இதுல 17 குச்சி எனக்குக் குடு பாப்பா.” ஒரு கட்டைக் கொடுத்தாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியோ இரண்டுதான். கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்தாள். யாரும் சொல்லாமலே இன்னொரு கட்டின் ரப்பர் பேண்டை உருவினாள். மிச்சத்தை எண்ணினால் 25. நோட்டில் இருந்த 35ஐ அவளே அடித்தாள்.

குழந்தைகள் கற்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஜான் பியாஜே, லெவ் வைகோட்ஸ்கி இருவரும் 1896இல் பிறந்தவர்கள். குழந்தை அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது, அதன் தவறுகளிலும் ஒரு தர்க்கம் உண்டு என்றார் பியாஜே. குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவில்தான் கற்பித்தலுக்கு வேலை என்றார் வைகோட்ஸ்கி. குச்சியைத் தந்துவிட்டு வாயை மூடிக்கொண்ட அந்த ஆசிரியை இரண்டு பேரையும் புரிந்துகொண்டவர். கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். கையால் தொட்டுக் கற்கும் முறை நமக்கு நேற்று வந்ததல்ல.

சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகள் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கரும்பலகை பூசியிருக்கிறது. செயல்வழிக் கற்றல் விட்டுச்சென்ற தடம் அது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கு முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய முறை. இப்போது நடப்பது, கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். கற்றல் நிலைக்கேற்பக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். பெயர்கள் அழகுதான். ஆனால் ஒரு குழந்தை நெடுநாள் அரும்பிலேயே இருந்தால் அந்தப் பெயரும் வடுவாகும் என்பது என் கவலை. “கணக்குல அரும்பா இருக்கிறவ தமிழ்ல மலரா இருப்பா, சார்” என்றார் ஆசிரியை. அந்த வேறுபாட்டை அவர் கவனிப்பதே பெரிது.

ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒன்பது கோள்களோடு ஒரு பழைய படம். தலைமை ஆசிரியர் அதை வேண்டுமென்றே கழற்றாமல் வைத்திருக்கிறார். புத்தகத்தில் எட்டு, சுவரில் ஒன்பது. எது சரி என்று பிள்ளைகள் வாதாடட்டும் என்று விடுகிறார். 2006 ஆகஸ்டில் வானியலாளர்கள் கூடி வாக்களித்து புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிய கதையைக் கடைசியில்தான் சொல்வாராம். பெரியவர்களும் திருத்தி எழுதுவார்கள் என்று தெரிந்த பிள்ளை, தன் நோட்டில் ஒரு விடையை அடிக்கக் கூச்சப்படாது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அந்த ஒரு கழித்தலுக்கே பத்து நிமிடம் ஆனது. இந்தப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை அவ்வளவு பேர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒருவர் பதிவேடு எழுதவும் விவரங்களைச் செல்பேசியில் ஏற்றவும் உட்கார்ந்துவிட்டால், மற்றவரிடம் ஐந்து வகுப்பும் வந்து சேர்கிறது. எவ்வளவு நல்ல கற்றல் கோட்பாடும் அந்த நேரத்தில் நின்றுபோகிறது.

அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தான். உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.