பீச்சாங்குழல்

பங்குனி வெயில் கீரனூரை வறுத்தெடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. என் வகுப்பு மாணாக்கன் ஒருவனுக்குப் பத்தாவது பிறந்தநாள். "வாத்தியார் கட்டாயம் வரணும்" என்று தந்தையார் பள்ளிக்கே வந்து அழைத்தார். நிலபுலம் உடையவர், நல்லவர். ஆம், நல்லவர்தான். வகுப்பு முழுவதையும் அழைத்தே தீரவேண்டும் என்று மகன் பிடித்த பிடிவாதத்துக்கு இணங்கியவர் அவர்.

கேக் வெட்ட அழைத்தார்கள். வந்ததோ ஒரு பட்டாளம்! பழனி அடிவாரக் கடைகளில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கிகள். பச்சை, சிவப்பு, மஞ்சள். எல்லாவற்றிலும் தண்ணீர். பிறர் வீட்டு விழாவுக்கு இப்படிப்பட்ட பொருளைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று பெரியவர்கள் முணுமுணுத்தனர். முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. விருந்துக்கு வருவோர் வீட்டாரைக் கேட்டுக்கொண்டு வருவது முறை. ஒரு மழலையின் கண்ணில் நீர் பாய்ந்து அழுகை எழுந்தது. பலூன் கட்டிய காகிதத் தோரணம் நனைந்து தொங்கிற்று. ஆனால் விழாவுக்கு உரியவனோ, கேக்கை மறந்து, முற்றத்தில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவன் விழா, அவன் சிரிப்பு! நமக்கென்ன என்று நான் திண்ணையில் அமர்ந்திருந்தேன்.

அந்தப் பட்டாளத்தில் ஒருவன் கையில் மட்டும் துப்பாக்கி இல்லை, பீச்சாங்குழல் இருந்தது. ஒரு முழ நீளக் குழாய்த் துண்டு, முனையில் சிறு துளை, உள்ளே துணி சுற்றிய குச்சி. அவனே செய்தது. கடைத் துப்பாக்கிகள் சொட்டுச் சொட்டாக இருமிக்கொண்டிருக்க, இவன் குழலோ முற்றத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீரைப் பாய்ச்சிற்று. பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். அவன் ஊருக்கு வெளியே உள்ள காலனியிலிருந்து வருபவன். முன்பு சேரி என்றார்கள், பிறகு காலனி என்றார்கள். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. சொல் நீங்கும், தொலைவு?

அவன் பாய்ச்சிய நீர் வீட்டு அப்பத்தாவின் சேலையில் பட்டது. அதற்கு முன் ஐந்தாறு பேர் பாய்ச்சிய நீரும் பட்டதுதான். அவர்களுக்கெல்லாம் செல்ல அதட்டல். இவனுக்கோ ஒரு கேள்வி:

"ஏப்பா, எங்க புடிச்ச தண்ணி அது?"

"உங்க வீட்டுத் தொட்டியிலதான் பாட்டி."

எந்த வகுப்பிலும் அவன் அவ்வளவு தெளிவாக விடை சொன்னதில்லை. முற்றம் அமைதியாயிற்று. அனைவர் கண்களும் என்மேல் திரும்பின. நான் எழுந்தேன். பட்டம் பெற்ற நான், மேடையேறிப் பகுத்தறிவு பேசிய நான், எழுந்து என்ன சொன்னேன்? "தம்பி, ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். வீணாக்கக்கூடாது. போதும், வைத்துவிடு" என்றேன். அவனிடம் மட்டும் சொன்னேன். வைத்துவிட்டான். மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர்களின் நீருக்குப் பஞ்சம் வரவில்லை!

மறுநாள் காலை அவ்வழியே பள்ளிக்கு நடந்தேன். அந்த வீட்டுத் தொட்டியின் அடைப்பு திறந்திருந்தது. நிறைதொட்டி நீர் முழுவதும் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இறங்கி ஓர் ஆள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். என் சிக்கனப் பேச்சு என் காலடியிலேயே நுரைத்துக்கொண்டு ஓடிற்று, தோழர்களே!

மகாடு நகரத்துச் சவுதார் குளத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று அந்தக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். பின்னர் 108 குடம் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கொட்டிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள் சாதியினர். அதற்கும் முன்பே, 1924-இல், பொதுத் தெருவும் கிணறும் குளமும் எல்லாருக்கும் உரியவை என்று சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். நூறாண்டு கடந்துவிட்டது. வகுப்பில் இவற்றை உணர்ச்சி பொங்கச் சொல்வேன். குளம் சிறுத்துச் சிமெண்டுத் தொட்டியாகி என் எதிரில் நின்றபோது, நாக்கு புரண்டுவிட்டது.

நம் ஊர்களில் நீர் தெளித்து விளையாடுவது புதிதன்று. திருவிழா முடிவில் மஞ்சள் நீராட்டு உண்டு. மாமன் மீது பெண்கள் ஊற்றுவார்கள். கொழுந்தன் மீது ஊற்றுவார்கள். முறை உள்ளவர் மீதே ஊற்றலாம். முறையோ சாதிக்கு உள்ளேதான் உண்டு. இதே பங்குனியில் கொடுமுடியிலிருந்து காவிரி நீரைக் காவடியாகத் தோளில் சுமந்து பழனிக்கு நடக்கிறார்கள். எத்தனையோ ஊரார் குளித்த ஆற்றுநீர் அது; எவரும் 'எங்கே பிடித்தது' என்று கேட்பதில்லை. பீச்சாங்குழலுக்கு முறை தெரியாது. எதிரில் நிற்பவர்மீது பாயும். அதுதான் அது செய்த குற்றம்.

திங்களன்று வகுப்பில் நடத்தவேண்டிய பாடத்தை மூடி வைத்தேன். நேற்று நான் சொன்னது பொய் என்றேன். தண்ணீருக்காக அவனை நிறுத்தவில்லை, பெரியவர்களுக்கு அஞ்சி நிறுத்தினேன் என்றேன். பிள்ளைகள் விழித்தனர். அவன் மட்டும் எழுந்து, "நான் ஒரு குழல் தண்ணிதான சார் எடுத்தேன்?" என்றான். அவனும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறான்.

பிறகு அவர்களுக்கு லானி ஜான்சனைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவின் அலபாமாவில் 1949-இல் பிறந்த கறுப்பர். 1968-இல், பழைய பொருள்களைச் சேர்த்து அழுத்தக் காற்றால் இயங்கும் எந்திர மனிதன் ஒன்றைச் செய்து, அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்த அறிவியல் போட்டிக்குக் கொண்டுசென்றார். அதே பல்கலைக்கழகத்து வாயிலில்தான் ஐந்தாண்டுகளுக்கு முன் மாநில ஆளுநரே நின்று கறுப்பு மாணவரை மறித்தார். போட்டியில் முதற்பரிசு ஜான்சனுக்கு! பின்னாளில் வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ விண்கலப் பணியிலும் இருந்தார். 1982-இல், தண்ணீரால் இயங்கும் குளிர்சாதனப் பொறி ஒன்றை வீட்டில் ஆராய்ந்தபோது, குழாயிலிருந்து பீறிட்ட நீர் அறையைக் கடந்து பாய்ந்தது. அதைக் கண்ட மனத்தில் உதித்ததே, காற்றை அழுத்தி நெடுந்தொலைவு நீர்பாய்ச்சும் துப்பாக்கி. 1990-இல் கடைக்கு வந்தது. கலைப் பட்டம் பெற்ற நான் அழுத்தத்தை விளக்கத் தடுமாறினேன். குழல்காரன் கரும்பலகைக்கு வந்து படம் வரைந்து காட்டினான்.

அன்று மாலை அந்த வீட்டுக்குச் சென்றேன். "அம்மா மனசு நோகக் கூடாதுன்னு விட்டுட்டேன் சார். நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் தந்தையார். "படித்த நான்தான் முதலில் விட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். அவர் பேசவில்லை. காபி வந்தது. குடித்தேன். அடுத்த பிறந்தநாளுக்கு எனக்கு அழைப்பு வருமென்று தோன்றவில்லை.

வாசல்வரை மகன் உடன் வந்தான். "எனக்கும் ஒரு குழல் செஞ்சு தரேன்னிருக்கான் சார்" என்றான். சற்று நின்று, குரலைத் தாழ்த்தி, "ஆனா தண்ணி எங்க சார் புடிக்கிறது?" என்று கேட்டான்.

பள்ளிக்கூடத்துக் குழாயில் என்றேன்.