குரலும் இரைச்சலும்

வானொலி கரகரக்கத் தொடங்கியதும் மனிதர் முதலில் ஒலியைக் கூட்டுவர். அடுத்து நிலையத்தாரைக் குறை கூறுவர். அதுவும் பயன்படாவிடின் பெட்டியின் தலையில் ஓர் அடி கொடுப்பர். இம்மூன்றும் கைவிட்ட பின்னரே சிந்திக்கத் தொடங்குவர். சுன்னாகத்தில் வாடகை வண்டி ஓட்டிவந்த முதியவர் ஒருவர் இந்நான்காம் நிலைக்கு வந்து சேர்ந்த கதையே ஈண்டு கூறப்படுவது. அவர் அந்நிலையை அடைவதற்கு ஒரு மரணம் வேண்டியிருந்தது.

அவருடைய வண்டி ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதிருந்த 1990களில் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. அக்காலத்தில் மின்சாரமும் இல்லை. வானொலிக்கான மின்கலங்களும் கிடைப்பதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் மக்கள் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இம்முதியவரோடு இன்னொரு சாரதியும் சேர்ந்து சென்றார். சென்ற இடங்களிலெல்லாம் ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற, மற்றவர் பெட்டியருகே காதை வைத்திருப்பார். பின்னர் இவர் ஊர் திரும்பினார். நண்பர் கிளிநொச்சியிலேயே தங்கிவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலை, வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் வானொலியில் மரண அறிவித்தல் போயிற்று. பெயர் வாசிக்கப்பட்ட இடத்தில் கரகரப்பு எழுந்தது. "...கிளிநொச்சியை வதிவிடமாகவும் கொண்ட" என்பது மட்டும் கேட்டது. முதியவர் ஒலியைக் கூட்டினார், கரகரப்பும் கூடிற்று. நண்பரின் தொலைபேசி இலக்கம் மாறிப் பலகாலமாகையால் அவ்வீட்டாருக்கும் இவருக்கும் இடையே வேறு தொடர்பு இருக்கவில்லை. எட்டுச் செலவும் முடிந்த பின்னரே வேறொருவர் வாயிலாக அவர் செய்தி அறிந்தார். நண்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை என்பதைவிட, அறிவித்தல் தம் காதருகே வந்தும் தாம் கேட்கவில்லை என்பதே அவரை வருத்தியது. மறுநாளே அவர் சந்தையடியில் வானொலி திருத்தும் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். மகனும் உடன் சென்றான்.

வண்டியில் வானொலி பூட்டப்பட்ட நாளிலிருந்தே இரைச்சல் அதன் பகையாயிருந்து வந்துள்ளது. 1930இல் அமெரிக்காவில் கல்வின் சகோதரர் மோட்டொறோலா என்னும் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறிகளே பெருந்தொல்லை கொடுத்தன. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ஒலிபரப்பி போன்றது. இயற்கையினதும் இயந்திரங்களினதும் இரைச்சலை வெல்லும் பொருட்டே எட்வின் ஆம்ஸ்ரோங் என்பவர் இன்று பண்பலை எனப்படும் முறையை உருவாக்கி, 1933இல் அதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். ஆயினும் பண்பலைக்கும் ஓர் எல்லை உண்டு. குரல் இரைச்சலிலும் வலுவாயிருக்கும் வரையிலேயே அது இரைச்சலை அடக்கும். குரல் மெலிந்து இரைச்சல் ஓங்குமாயின் பண்பலையும் தோற்றுவிடும்.

பெரியவர் திருப்புளியைக் கையிலெடுக்கவில்லை. முதலில் மூன்று வினாக்களைக் கேட்டார். எல்லா நிலையங்களும் கரகரக்கின்றனவா? எல்லா இடங்களிலும் கரகரக்கின்றதா? எஞ்சினை நிறுத்தினாலும் கரகரக்கின்றதா? மூன்றுக்கும் ஆம் என்பதே விடையாயிற்று. ஒரு நிலையம் மட்டும் கெட்டிருப்பின் பழுது அந்நிலையத்திலோ அதன் தூரத்திலோ இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் கெட்டிருப்பின் அங்குள்ள மின்கம்பியை ஐயுறலாம். எஞ்சினின் வேகத்தோடு 'டிக் டிக்' என்ற ஓசை விரைந்தால் பொறிகளையும், முனகல் உயர்ந்தால் மின்பிறப்பாக்கியையும் ஐயுற வேண்டும். இங்கோ எஞ்சின் உறங்கியபோதும் இரைச்சல் விழித்திருந்தது.

பின்னர் அவர் சிறிய கைவானொலி ஒன்றை எடுத்து, வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்று அதே நிலையத்தைப் பிடித்தார். குரல் தெளிவாக வந்தது. அதனைக் கொண்டுவந்து வண்டியினுள்ளே முன்பலகையருகே பிடித்தார். அதுவும் கரகரத்தது. நிலையமும் குற்றமற்றது, வண்டியின் வானொலியும் குற்றமற்றது, இரைச்சல் பிறப்பது வண்டிக்குள்ளேயே என்பது இவ்வளவில் தெளிவாயிற்று. வானொலியின் பின்புறத்திலிருந்து ஏரியல் கம்பியை அவர் கழற்றினார். கரகரப்பு நின்று, வெறும் சீறல் மட்டும் எஞ்சியது. ஆகவே இரைச்சல் மின்வழங்கும் கம்பியால் வராமல் ஏரியல் வழியாகவே நுழைகின்றது என்றும் அறிந்தார்.

ஏரியலைப் பார்த்தபோது அங்கும் ஒரு குறை வெளிப்பட்டது. அதன் கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலை வண்டியின் உடலோடு இறுகத் தொடுத்திருத்தல் வேண்டும். அவ்வலையே அயலிரைச்சல் உள்ளே புகாமற் காக்கும் வேலி. அடித்தளம் துருவேறியிருந்தமையால் அவ்வேலி அறுந்த நிலையில் இருந்தது. மேலும், இழுத்து நீட்டும் கோலின் மேற்கணு இறுகிப் பாதியளவிலேயே நின்றது. பண்பலையின் மீடிறன் நூறு மெகாஹேர்ட்ஸ் அளவினதாயின் அலைநீளம் மூன்று மீற்றர். கோல் அதன் நாலிலொன்றாக, ஏறத்தாழ எழுபத்தைந்து சதமமீற்றர் இருப்பின் நன்கு வாங்கும். துருவைச் சுரண்டி, ஆணியை முறுக்கி, கோலை முழுமையாக நீட்டியதும் குரல் வலுத்தது. கரகரப்புக் குறைந்ததேயன்றி மறையவில்லை.

எஞ்சியதற்குப் பெரியவர் கையாண்ட முறை மிக எளியது. வண்டியில் மின்சாரம் உண்ணும் பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார். விளக்கை அணைத்தார், மாற்றமில்லை. காற்றாடியை நிறுத்தினார், மாற்றமில்லை. பின்னர் முன்பலகையின் கீழே செருகியிருந்த ஒரு சிறு பொருளைப் பிடுங்கினார். கரகரப்பு அந்தக் கணமே ஒழிந்தது. அறிவிப்பாளரின் குரல் பக்கத்து இருக்கையிலிருந்து பேசுவது போல வந்தது. திரும்பச் செருகினார்; கரகரப்பும் திரும்பிற்று. மீண்டும் பிடுங்கினார்.

அது கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் மலிவான கருவி. பன்னிரண்டு வோல்ற்றை ஐந்து வோல்ற்றாக்கும் பொருட்டு அதனுள்ளே மின்னோட்டம் ஒரு செக்கனில் இலட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடப்படுகின்றது. ஒவ்வொரு வெட்டும் கூர்மையானது. அக்கூர்மையிலிருந்து எழும் உயர்மீடிறன்கள் பண்பலையின் எல்லைவரை பரவும். நன்கு செய்யப்பட்ட கருவியில் அவற்றைத் தடுக்கும் வடிகட்டியும் உலோக உறையும் இருக்கும், இதில் இரண்டுமில்லை. நிலையத்தின் ஒலிபரப்பி பல கிலோவாற்று வலுவுடையதாயினும் அது நெடுந்தொலைவில் இருந்தது. இக்கருவியோ ஏரியல் கம்பியிலிருந்து ஒரு சாணில் இருந்தது. அண்மையிலுள்ள சிறியது தொலைவிலுள்ள பெரியதை மூடிவிட்டது.

மகனுடைய முகம் வாடிற்று. முதியவர் வீதியில் நிற்கும் வேளைகளில் தொலைபேசி உயிரற்றுப் போகாதிருக்க வேண்டுமென்று அதனை வாங்கிப் பூட்டியவன் அவனே. "நான்தானப்பா உதைப் போட்டனான்" என்றான். தந்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். "நீ நல்லதுக்குத்தானே தம்பி போட்டனி" என்றார் பின்னர். "நான்தான் சத்தத்தைக் கூட்டிக்கூட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திட்டன்."

அவர் கூறியதில் உண்மையிருந்தது. ஒலியைக் கூட்டும் திருகு குரலையும் இரைச்சலையும் பிரித்தறியாது. இரண்டையும் ஒரே அளவிற் பெருக்கும். கேட்க வேண்டியது கேட்காதபோது இரைச்சலின் தோற்றுவாயைத் தேடுவதே வழி. அத்தேடல் தொலைவிலிருந்தன்றி அண்மையிலிருந்தே தொடங்கப்பட வேண்டும். தேடுமிடத்தில் அகப்படுவது பெரும்பாலும் பகைவன் வைத்த பொருளாயிராது. நாமே வசதிக்காகவும் சில வேளைகளில் அன்புக்காகவும் கொண்டுவந்து வைத்ததாயிருக்கும். பண்டு ஒரு சைக்கிள் சக்கரத்தின் மின்சாரத்தில் தெளிவாகக் கேட்ட காது, எல்லா வசதியும் வந்த பின் கேளாதுபோனமைக்கு முதுமை காரணமன்று.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு முதியவர் அதே வண்டியிற் கிளிநொச்சிக்குப் புறப்பட்டார். தொலைபேசிக்கு வீட்டிலேயே இரவில் மின்னேற்றியிருந்தார். ஆனையிறவைக் கடக்கையில் மரண அறிவித்தல் தொடங்கியது. முன்பின் அறியாத ஒருவரின் பெயர், பிறந்த ஊர், வதிவிடம், மனைவி, மக்கள், சகோதரர் என யாவும் ஒன்றும் விடுபடாது கேட்டன. முதியவர் வண்டியை வீதியோரம் நிறுத்தி, அறிவித்தல் முடியும்வரை இருந்து கேட்ட பின்னரே மீண்டும் புறப்பட்டார்.