ஆற்றங்கரைக் காய்

டெக்சஸில் நவம்பர் பிறந்தால் சாலையோரக் கடைகளில் பெக்கான் மூட்டைகள் வந்துவிடும். ஒட்டு ரகம் நீளமாக, கையால் நெரித்தாலே உடைகிற மெல்லிய ஓட்டோடு முன்வரிசையில் இருக்கும். நாட்டுக் காயை ஓரமாகப் போட்டிருப்பார்கள்: சின்னது, உருண்டை, ஓடு தடிப்பு. பேக்கிங்குக்கு நான் கேட்பது அந்த ஓரத்து மூட்டையை.

பெக்கான் பருப்பில் ஏறக்குறைய எழுபது சதவீதம் எண்ணெய். அதன் ருசியும் அங்கேதான், கெடுவதும் அங்கேதான். நாட்டுக் காயில் அந்த ருசி இன்னும் இறுகி இருக்கிறது என்பது என் நாக்கின் தீர்ப்பு. ஒட்டு ரகத்தை இளக்காரமாகச் சொல்லவில்லை. 1840-களில் லூயிசியானாவில் அடிமையாக இருந்த ஆன்ட்வான் என்ற தோட்டக்காரர் ஒட்டுக்கட்டிக் காட்டிய வித்தை அது.

நாட்டுக் காய் தருபவை குவாடலூப், சான் சபா ஆற்றங்கரைகளில் விதை விழுந்து தானாக முளைத்த மரங்கள் என்பதால் மரத்துக்கு மரம் காய் மாறும். ஆகவே உடைத்துத் தின்று பார்க்காமல் வாங்குவதில்லை. கையில் கனக்க வேண்டும். குலுக்கும்போது கடகடத்தால் பருப்பு வற்றியிருக்கிறது. ஓட்டில் சின்ன வட்டத் துளை இருந்தால் புழு தின்றுவிட்டு வெளியேறியிருக்கிறது. பருப்பு வெளிர்பொன் நிறத்தில் இருக்க வேண்டும், நாள்பட்டால் கருக்கும். வளைத்தால் பட்டென்று முறிய வேண்டும், மடங்கினால் இன்னும் காயவில்லை. கரும்புள்ளி தெரிந்தால் பூச்சி குத்திய இடம். அங்கே மட்டும்தான் கசக்கும், கிள்ளி எறிந்தால் போதும்.

உரிப்பதுதான் பாடு. வெந்நீரில் ஊறவைத்து உடைத்தால் பருப்பு அவ்வளவாக நொறுங்காது. பிறகு உலர்த்திவிட வேண்டும். இடுக்கில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சவ்வை விட்டுவிட்டால் கேக் முழுக்கத் துவர்க்கும். சான் அன்டோனியோவில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் இந்த வேலையைச் சொற்பக் கூலிக்குச் செய்தார்கள். 1938-இல் கூலியைக் குறைத்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேறினார்கள். எம்மா டெனயூகா என்ற இளம்பெண் முன்னால் நின்றார். உரித்த பருப்பின் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஒரு கிண்ணம் தாங்களே உரித்துப் பார்க்கட்டும்.

உரித்ததும் ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும். சமையலறை அலமாரியில், அதுவும் அடுப்புப் பக்கம், விட்டுவைத்தால் சிக்குவாடை அடித்துவிடும். காற்றுப் புகாத பையில் இரண்டு வருஷம்கூடத் தாங்கும். பக்கத்து வெங்காய வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும், கவனம். வெளியே எடுத்தால் பையைத் திறக்காமலே குளிர் விடட்டும். உடனே திறந்தால் பருப்பு வியர்த்து நமத்துவிடும். முன்கூட்டியே நறுக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது, ஒவ்வொரு வெட்டும் காற்றுக்கு ஒரு வாசல். நாட்டுப் பருப்பை நறுக்கவே வேண்டியதில்லை. பாதிப் பருப்பு ஒரு வாய்க்குச் சரியாக இருக்கும்.

மாவில் சேர்க்குமுன் 165 டிகிரி செல்சியஸில் எட்டு நிமிஷம் போல வறுக்கிறேன். கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம். மணம் எழுந்ததும் வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும், சூடான தட்டிலேயே கிடந்தால் கருகும். பெக்கான் பை (pie) செய்யும்போது பலர் பச்சைப் பருப்பையே போடுகிறார்கள். பாகில் மிதந்து மேல்பக்கம் மட்டும் வறுபடும், அடிப்பக்கம் பாகில் வேகும். அதற்கு ஊற்றும் மக்காச்சோளப் பாகு வெறும் இனிப்பு. அதில் பாதியைக் குறைத்துக் கருஞ்சிவப்புச் சோர்கம் (சோளத்தண்டு) பாகு ஊற்றி, உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேல், அடுப்பிலிருந்து எடுத்த பையை நான்கு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அதற்குள் வெட்டினால் பாகு ஓடிவிடும்.