மயன் நாட்டில் மன்னன் யார்?

புதியன படைப்பவர்கள் மட்டுமே வாழும் நாடு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே பிறந்த ஒவ்வொருவரும் மயன் மரபினர். ஒருவர் கையில் உளி. ஒருவர் கையில் துருத்தி. மற்றொருவர் கையில் முழக்கோல். அந்நாட்டை ஆள்வது யார்? எந்த முறையால் ஆள்வது? சில நாட்களாக இக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

பழங்கதையில் விடை தேடினேன். பாரதத்தில் மயன் தருமனுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்தான். நிலம் எது, நீர் எது என்று தெரியாமல் துரியோதனனே தடுமாறிய மண்டபம் அது. ஆனால் அதில் வீற்றிருந்து அரசு செலுத்தியவன் தருமன். கட்டியவன் விடைபெற்றுப் போனான். ஆக்கும் அறிவு மயனிடம். ஆளும் இருக்கை வேறொருவனிடம்.

இது கதை மட்டும் அன்று. நம் நாட்டில் மயன் மரபினர் என்று சொல்லத் தக்கவர்கள் கம்மாளர்கள்: கொல்லர், தச்சர், கன்னார், சிற்பியர், தட்டார் ஆகிய ஐவகைத் தொழிலாளர். ஏரும் தேரும் சிலையும் அணியும் அவர்கள் தந்தவை. அவர்களைப் பற்றிய கல்வெட்டுகள் சொல்வது என்ன? 1118-இல், திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலைக் கல்வெட்டில், இரதகாரர் எந்தெந்தத் தொழில் செய்யலாம் என்று பட்டர்கள் கூடி நூல்களை ஆராய்ந்து முடிவு சொல்கிறார்கள். தேர் செய்பவனுக்கு அவன் தொழில் எது என்று தேர் செய்யாதவர் சொன்னார்! கரூர்க் கல்வெட்டு ஒன்றில் மன்னன் கம்மாளர்க்கு உரிமை வழங்குகிறான்: நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன் தன் சுவருக்குச் சாந்து பூச ஓலை வேண்டியிருந்தது. பிற்காலத்திலும் வழக்கு ஓயவில்லை. தம் திருமணத்தைத் தம் குலத்துப் புரோகிதரே நடத்தலாம் என்ற உரிமைக்காக அவர்கள் சித்தூர் ஜில்லா நீதிமன்றம் வரை சென்றார்கள். 1818-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

அப்படியானால் ஆளும் திறம் அவர்களிடம் இல்லையா? எங்கள் நாகலாபுரத்துக்கு வந்து பாருங்கள். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் இது. வேதநாராயணர் கோயில் மேற்கு நோக்கியது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மாலைக் கதிரவனின் ஒளி வாயிலைக் கடந்து கருவறைக்குள் செல்கிறது. முதல் நாள் திருவடி, அடுத்த நாள் உந்தி, அதற்கடுத்த நாள் திருமுடி என ஒளி ஏறுகிறது. நான் வியப்பது ஒளியை அன்று, அந்த ஒழுங்கை. கால்கோள் இட்டவன், கல் அடுக்கியவன், நிலை நிறுத்தியவன் ஆகிய அனைவரும் ஒரே கோட்டுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒருவன் தன் திறமையைக் காட்ட எண்ணி ஒரு முழம் விலகியிருந்தாலும் கருவறை இருண்டே கிடந்திருக்கும். தம்மைத் தாமே கட்டுப்படுத்திக் கொள்வதல்லவா ஆட்சியின் முதற்பாடம்? அதை அவர்கள் முழக்கோலிலேயே கற்றிருந்தார்கள்.

ஆனால் முழக்கோல் மட்டும் போதாது. படைப்பவன் தன் படைப்பின்மேல் காதல் கொள்வான். அதில் உள்ள குறை அவன் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மருந்து உத்திரமேரூரில் இருக்கிறது. 919, 921 ஆண்டுகளில் பொறித்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. அவ்வூரில் பொன்னை மாற்றுப் பார்ப்பவர்களுக்கும் விதி உண்டு. உரைகல்லில் ஒட்டிய பொன்துகளை எடுத்த மெழுகை அவர்கள் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். கைத்திறனுக்கு மதிப்பு உண்டு. ஆனால் மெழுகில் ஒட்டிய துகளுக்கும் கணக்கு உண்டு. எவ்வளவு நுட்பமான அறிவு!

அதே உத்திரமேரூரில் ஒரு குறையும் உண்டு. வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் கேட்ட அந்தக் குடத்துக்குள், உளி பிடித்தவன் பெயர் விழ வழியில்லை.

ஆகவே மயன் நாட்டுக்கு நான் எழுதும் சட்டம் சிறியது. எல்லாரும் ஒரே முழக்கோலுக்கு அடங்குக. மெழுகு முதல் கணக்குக் காட்டுக. ஆக்கியவன் பெயரும், ஆக்கிய பொருளைப் பயன்படுத்துபவன் பெயரும் குடத்தில் விழுக. ஏர் செய்தவன் மட்டும் ஆண்டால் உழுபவன் தோள் வலி அவனுக்குத் தெரியாது. உழுபவன் மட்டும் ஆண்டால் நல்ல ஏர் பிறக்காது.

தோழர்களே, நம்முள் பலர் நாளை பொறியாளர்கள்; ஆராய்ச்சியாளர்கள். இன்று எந்திரங்களுக்கே சிந்திக்கக் கற்றுத் தருகிறோம். அழகிய மண்டபங்களைக் கட்டத்தான் போகிறோம். கட்டி முடித்ததும் மயனைப் போல் வணங்கி விடைபெறுவதா? அல்லது நாமே அரியணை ஏறி, எவர்க்கும் கணக்குக் காட்டோம் என்பதா? இரண்டும் வேண்டா. மண்டபத்தில் நமக்கும் ஓர் இருக்கை கேட்போம். நம் மெழுகையும் ஊரார் முன் வைப்போம்.