கைக்கு எட்டாத இடம்

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக மோட்டார் வண்டி வாங்கியவர் நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முகப்பிலே சூடம் கொளுத்திய பின்னரே அதைத் தெருவில் ஓட்டுவர். வண்டியிடம் இத்துணை பக்தி கொண்டவர், அதன் மூடியைத் திறந்து எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க மட்டும் அஞ்சுகின்றனர். கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அச்சம் குடியேறுகிறது. அச்சம் குடியேறிய இடத்தில் பிறர் நம்மை ஏய்ப்பதும் எளிதாகிறது. சமயத் துறையில் நாம் கண்ட இவ்வுண்மை மோட்டார்த் துறைக்கும் பொருந்துவதேயாம்.

இயந்திரம் இவ்வளவு நெருக்கடியான இடத்தில் ஏன் அமைந்தது? 1956-இல் நேர்ந்த சூயஸ் கால்வாய்ச் சச்சரவால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. சிக்கனமான சிறு வண்டி வேண்டப்பட்டபோது, அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியாளர் இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். 1959-இல் வெளிவந்த அந்த ‘மினி’ வண்டியின் நீளம் பத்தடியே. ஆயினும் அதில் நால்வர் அமரலாம். பிற்காலத்துச் சிறு வண்டிகளுள் பெரும்பாலானவை இவ்வமைப்பையே மேற்கொண்டன. 1994-இல் நம் நாட்டில் வெளிவந்த, சருகுமானின் பெயர் தாங்கிய, மூன்று சிலிண்டர் கொண்ட ‘கஞ்சில்’ வண்டியும் அவ்வினத்ததே. அமர்வோருக்குக் கிடைத்த இடம் பழுது பார்ப்போனின் கையிலிருந்து எடுக்கப்பட்ட இடம் என்க.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பதும் ஒரு பழைய கஞ்சிலே. சென்ற ஆண்டு அதன் ரேடியேட்டர் நீர் நாள்தோறும் குறைந்துவந்தது. இயந்திரத்தின் பின்புறத்தில், தடுப்புச் சுவரை ஒட்டி ஒளிந்திருந்த ஒரு சிறு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. குழாயின் விலை சொற்பம். ஆனால் ஒரு பட்டறையில், “அங்கே கை போகாது, இயந்திரத்தையே இறக்க வேண்டும்” என்று சொல்லி, என் மாதச் சம்பளத்தில் பாதியைக் கூலியாகக் கேட்டனர். நாங்களே செய்வதென முடிவு செய்தோம்.

இவ்வேலைக்கு வலிமையினும் பொறுமையே வேண்டும். இயந்திரம் முற்றும் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடலாகாது. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். இன்றேல் இருளில் ஸ்பானர் எங்கேனும் பட்டுத் தீப்பொறி எழும். அடுத்து, வழியை மறைக்கும் காற்று வடிகட்டிப் பெட்டியை அகற்றினோம். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அட்டையொன்றில் வரிசையாகக் குத்தி வைத்தோம். நேராக நுழையாத கருவிக்கு வளைந்து திரும்பும் இணைப்பு உண்டு. கண் செல்லாத இடத்துக்குச் சிறு கண்ணாடியும் கைவிளக்கும் உண்டு. உள்ளே விழுந்த நட்டை எடுக்கக் காந்தக் கோல் உண்டு.

இவ்வளவு இருந்தும் என் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பதினேழு வயதுள்ள என் மகளின் மெலிந்த கை உள்ளே சென்றது. நான் கண்ணாடியைப் பிடித்தேன். “அப்பா, கிளிப்பின் காது தட்டுப்படுகிறது, விளக்கை இடப்பக்கம் காட்டுங்கள்” என்றாள். பழைய குழாயை இழுத்தால் அது மாட்டியிருக்கும் உலோக முனை முறியக்கூடுமாதலால், நீளவாட்டில் கீறி உரித்தெடுத்தாள். புதிய குழாயின் வாயை நீரில் நனைத்து ஏற்றினாள். கிளிப்பின் காது, அடுத்த முறை எட்டும் பக்கமாகத் திரும்பியிருக்கும்படி பொருத்தினாள்.

அண்டை வீட்டு மூதாட்டி இதைக் கண்டு, “பொம்பளைப் பிள்ளையின் கையைக் கரியாக்குகிறாயே, தம்பி! நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?” என்று மனம் நொந்தார். “கரி சோப்புக்குப் போய்விடும், பாட்டி” என்று மகள் சிரித்தாள்.

அம்மூதாட்டியை நான் குறைகூறேன். கை அழுக்காகாதவனே மேலோன் என்று நமக்குப் போதித்தது வருணாசிரமம். அடுப்புக் கரி பெண்ணுக்கு அழகு, இயந்திரக் கரி இழுக்கு என்று போதித்ததும் அதன் உடன்பிறப்பே. கோவை ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். இந்நாட்டிலும் செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்போடு போராடிய கைகளுள் நம்மவர் கைகள் பல.

கிள்ளான் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்கள் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய வண்டி ஒன்றே பிழைப்புக்குத் துணை. அது ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரக் கூலி போயிற்று.

பட்டறைத் தொழிலாளியின் உழைப்பை நான் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டா. அந்த இருளில் கைவிட்ட பிறகே அவர் கூலியின் நியாயம் எனக்குப் புரிந்தது. பிரேக்கு வேலையைக் கற்றவரிடமே விடுக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுப்பது மூடநம்பிக்கைகள் யாவற்றிலும் கொடியது.

ஆகவே தோழர்களே! நம் படிப்பகங்களில் நூல்களோடு ஒரு ஸ்பானர்ப் பெட்டியும் இருக்கட்டும். அதைத் திறக்கும் சிறுவர்களோடு சிறுமியரையும் அழையுங்கள்.