பொதிகை உச்சிக்குப் போக வேண்டுமா?

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பேரருவியில் தலையைக் கொடுக்கிறார்கள், பசித்ததும் சாப்பிடுகிறார்கள், மறுபடியும் அருவிக்கே ஓடுகிறார்கள். மலை உச்சியைப் பற்றி யாருக்கு நினைப்பு வருகிறது?

குற்றாலநாதர் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். அங்கே திருமாலாக நின்ற மூர்த்தியை அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கிவிட்டாராம். அந்தக் குறுமுனிவர் இன்றும் வாசம் செய்வதாக நம்பப்படும் சிகரம், இதே மலைத் தொடரில் தெற்கே இருக்கிறது. பொதிகை, அகத்தியர்கூடம் என்றெல்லாம் அதற்குப் பெயர். உயரம் 1,868 மீட்டர்.

நமது பக்கத்துச் சரிவு களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆகவே யாத்திரை வழி கேரளத்துப் பக்கத்தில்தான். தென்காசியில் புறப்பட்டு, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு என்று மலையைச் சுற்றிக்கொண்டு விதுரா போய், அங்கிருந்து போணக்காடு தேயிலைத் தோட்டத்தை அடைய வேண்டும். வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் அதற்கு மேல் ஓரடி வைக்க முடியாது.

முதல் நாள் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நடை. காட்டாறுகளைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்தால், முட்டிடிச்சான் மேடு காத்திருக்கிறது. முழங்கால் வந்து நெஞ்சில் முட்டும்! இரவு அதிருமலை முகாமில் தங்கல். மறுநாள் சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் பொங்கலப்பாறையைக் கடந்த பிறகு நடை முடிந்து ஏற்றம் ஆரம்பமாகிறது. செங்குத்தான வழுக்குப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இறங்கும்போது முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஒரு கால் ஊன்றிய பிறகே மறு காலை எடுங்கள். மழையோ மூடுபனியோ வந்து, வழிகாட்டி "போதும்" என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

திருவனந்தபுரம் வானிலை ஆய்வுக் கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1855-ல் இந்த உச்சியிலேயே ஓர் ஆய்வுக் கூடம் அமைத்தார். கருவிகளை எல்லாம் இந்த வழியில் மேலே ஏற்றிய கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள்!

கருவிகள் ஏறிய மலையில் பெண்கள் ஏறுவதற்கு அனுமதி கிடைக்க 2018 வரை ஆயிற்று. அகத்தியர் பிரம்மசாரி, அவர் சந்நிதிக்குப் பெண்கள் வரலாகாது என்பது காணிக்காரர்களின் நம்பிக்கை. ஆண், பெண் வேற்றுமை கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியை அடைந்தார். காணிக்காரர்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். ஆனால் வழி மறிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்கிறவர்கள் அவர்கள். சகோதரிகளே, உரிமையோடு ஏறுங்கள். அவர்கள் தெய்வமாக வணங்கும் இடத்தில் ஏறுகிறோம் என்பதையும் மறக்காதீர்கள். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்!

உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. மேகம் விலகினால் கிழக்கே தாமிரவருணி பிறக்கும் காடுகள் தெரியும்.

ஒரு சங்கடம். குற்றாலச் சாரல் ஆனி, ஆடியில். மலை யாத்திரையோ ஜனவரியை ஒட்டி. ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்!