கரிவடிகட்டியும் கைப்பிடிச்சுவரும்



நம் சபையில் வாடகைக் கார் ஓட்டும் சகோதரர் ஒருவர் கேட்ட கேள்வியை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அவருடைய டீசல் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இழுவை குறைந்தது. புகைக்குழாயிலுள்ள கரிவடிகட்டி அடைத்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள் பணிமனையில். சொன்ன தொகை அவர் கட்டும் பல மாதத் தவணைக்குச் சமம். வேறொரு மெக்கானிக்கோ, உள்ளிருப்பதை அறுத்தெடுத்துவிட்டு, வண்டியின் கணினியையும் சரிக்கட்டிச் சில ஆயிரங்களில் முடித்துத் தருவதாகச் சொன்னார். "ஐயா, அப்படிச் செய்தால் பாவமா?"

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் கார்கள் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்டவை. முந்தைய விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகளை அனுமதித்தது, இப்போது 4.5 மட்டுமே. அதற்காகவே இவ்வடிகட்டி. பிடித்துவைத்த கரியை ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் அது எரித்துவிடும். அதற்கு வண்டி சற்றுநேரம் நிற்காமல் சீராக ஓடவேண்டும். நம் சகோதரரோ ரயில் நிலையத்துக்கும் மகிந்திரா சிட்டிக்கும் இடையே நாளெல்லாம் குறுஞ்சவாரி போகிறவர். கரி எரிந்து முடியுமுன்னே சவாரி முடிந்துவிடும். இப்படிப் பாதியில் நின்றுபோனால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதையும் கெடுக்கும். இதை வாங்குகிறவரிடம் விற்கும்போதே சொல்லாதது நியாயமன்று.

ஆயினும் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை உண்டு. செலவு வீட்டுக்காரருக்கு, விழாமல் தப்புகிறவர் யாரோ ஒருவர். வடிகட்டியும் அத்தகையதே. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள்தாம் அவ்வண்டியின் பின்னால் மூச்சு விடுகிறார்கள். ஆகவே அறுக்கவேண்டாம் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு, சுமையை அவர் தலையில் மட்டும் வைத்துப்போக எனக்கு மனம் வரவில்லை.

கார்த் தொழிற்சாலையில் வேலைசெய்யும் நம் வாலிபர் ஒருவர் அவரை வேறு பணிமனைக்கு அழைத்துச் சென்றார். வடிகட்டி உடையவில்லை, அடைத்துத்தான் இருந்தது. கருவியை இணைத்து, நின்ற நிலையிலேயே கரியை எரிக்கவைத்து, ஆயிலையும் மாற்றினார்கள். முதலில் சொன்ன தொகையில் சிறுபங்கே ஆயிற்று.

இனி வாரம் ஒருமுறையாவது பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி வண்டி சீராக ஓடவேண்டுமாம். வெறும் வண்டியாக ஓட்டினால் டீசலும் சுங்கமும் அவர் கைக்காசு. மதுராந்தகம், மேல்மருவத்தூர் பக்கம் போகவேண்டியவர்கள் அவரை அழையுங்கள். எண் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது.